புகையும் தாளும்: அமெரிக்க விலாவிறைச்சிச் சமையலின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் கோடைகால வார இறுதி நாட்களில், வீட்டு வளவுகளிற் பன்றியின் விலாவிறைச்சியைப் புகையூட்டிச் சமைத்தல் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கமாகும். இதில் ஈடுபடுவோரிடையே தீராத விவாதமொன்று உண்டு. சில மணித்தியாலம் புகையில் வைத்த இறைச்சியை அலுமினியத் தாளிற் சுற்றி வேகவைத்தல் தகுமா, அன்றித் தொடக்கம் முதல் இறுதிவரை திறந்த நிலையிலேயே புகையில் விடுதல் தகுமா என்பதே அவ்விவாதமாகும். திறந்த நிலையிற் சமைப்போர் தம்மை மரபினர் என்பர். தாளிற் சுற்றுவோர் தம்மை நடைமுறை அறிந்தோர் என்பர்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது நாவின் சுவை பற்றிய சிறு பூசலாகவே தோன்றும். எனினும், எந்தவொரு சமையல் முறையும் அதனைத் தோற்றுவித்த சமூகத்தின் உழைப்புப் பங்கீட்டிலிருந்து தனித்து நிற்பதில்லை. எவருக்கு எந்த இறைச்சி கிடைத்தது, அதனைப் பதப்படுத்த எவருடைய நேரம் செலவாயிற்று, சமைத்ததை எவர் எங்கு அமர்ந்து உண்டனர் ஆகிய வினாக்கள் எழும்போது, இவ்வடுப்படி விவாதம் வரலாற்று விவாதமாகிவிடுகின்றது. தாள் மீதப்படுத்துவது நேரத்தையாகும். ஆகவே, அந்நேரம் முன்னர் எவருடையதாக இருந்தது என்பதே இங்கு முதன்மையாக ஆராயத்தக்கது.

வெப்பமும் நேரமும்

விலாப்பகுதி இணைப்பிழையம் மிகுந்த பகுதியாகும். அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் கடும் வெப்பத்தில் விரைந்து சமைக்கப்படின் சுருங்கி, இறைச்சியை இறுக்கமாக்கிவிடும். மாறாக, இறைச்சியின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் நிலைத்திருக்குமாயின், அப்புரதம் படிப்படியாக ஜெலற்றினாக மாறி இறைச்சி மென்மையடையும். இதன்பொருட்டே அடுப்பின் வெப்பம் 107 பாகை முதல் 121 பாகை வரையில் வைக்கப்பட்டு, ஐந்து அல்லது ஆறு மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. ஹிக்கறி, ஓக், அப்பிள் முதலிய மரங்களின் புகையிலுள்ள பீனோல்கள் இறைச்சிக்கு மணத்தைத் தருகின்றன. எரிதலின்போது தோன்றும் நைதரசன் ஒட்சைட்டுகள் இறைச்சியிலுள்ள மயோகுளோபினுடன் சேர்வதனால், மேற்பரப்பின் கீழ் இளஞ்சிவப்பு வளையம் ஒன்று உண்டாகின்றது.

இறைச்சி சூடேறி வருகையில், அதன் உள்வெப்பநிலை 65 பாகைக்கும் 75 பாகைக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் முன்னேறாது நின்றுவிடுவதுண்டு. மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பம் அகற்றப்படுவதே இதற்குக் காரணம். வியர்வை ஆவியாகி உடலைக் குளிரச்செய்யும் அதே செயலே இங்கும் நிகழ்கின்றது. பெரிய மாட்டிறைச்சித் துண்டுகளில் இத்தேக்கம் பல மணித்தியாலம் நீடிக்கும். மெல்லிய விலாவிறைச்சியில் அது குறுகியதே எனினும், சமையலைத் தாமதப்படுத்தவே செய்கின்றது.

தாளின் பணி இங்கேயே தொடங்குகின்றது. இறைச்சியைத் தாளினால் இறுகச் சுற்றினால் நீராவி வெளியேற வழியில்லை. ஆவியாதல் தடைப்பட, வெப்பநிலை விரைந்து உயர்கின்றது. மூன்று மணித்தியாலம் புகையிலும், இரண்டு மணித்தியாலம் தாளினுள்ளும், இறுதி ஒரு மணித்தியாலம் மீண்டும் திறந்த நிலையிலும் வைக்கும் முறை வீட்டுச் சமையலாளரிடையே பெரிதும் பரவியுள்ளது. தாளிற் சுற்றும் இவ்வுபாயத்திற்கு 'ரெக்சாஸ் ஊன்றுகோல்' என்றொரு பெயரும் உண்டு. ஊன்றுகோல் என்னும் சொல்லில் ஏளனம் கலந்திருத்தல் வெளிப்படை. தாளினுள் வெந்த இறைச்சி எலும்பிலிருந்து எளிதிற் கழன்றுவிடும். ஆயின் புகையிற் காய்ந்து உருவான மொறுமொறுப்பான மேற்படை ஈரத்தால் இளகிவிடும். மென்மையை விரும்புவோர் முன்னதையும், மேற்படையை விரும்புவோர் பின்னதையும் எடுத்துக்காட்டுவர். இளஞ்சிவப்பு வளையத்தைப் பொறுத்தவரையில் தாள் பெருந்தீங்கு எதனையும் செய்வதில்லை. இறைச்சி சூடேறத் தொடங்கும் முதற் கட்டத்திலேயே அது உருவாகி முடிந்துவிடுகின்றது.

குழியடுப்பும் அடிமை உழைப்பும்

இச்சமையலைக் குறிக்கும் 'பாபிக்கியூ' என்னும் சொல், கரிபியன் தீவுகளின் பூர்வீக மக்களான தாயினோக்களின் மொழியிலிருந்து ஸ்பானிய மொழியினூடாக வந்ததாகும். நெருப்பின் மேல் உயர்த்தி அமைக்கப்பட்ட மரச்சட்டத்தை அது குறித்தது. ஸ்பானிய வரலாற்றாசிரியரான ஒவியேதோ 1526ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. சட்டம் அமெரிக்க மண்ணுக்குரியதாயினும், பன்றி அங்கு தோன்றிய விலங்கன்று. கொலம்பசின் இரண்டாவது பயணத்தின்போது, 1493இல், அது கரிபியன் தீவுகளை அடைந்தது. 1539இல் புளோரிடாவில் தரையிறங்கிய தே சோத்தோவின் படையும் பன்றிக் கூட்டமொன்றை உடன்கொண்டு சென்றது. கைப்பற்ற வந்தோரின் உணவாக வந்த விலங்கு காடுகளிற் பெருகி, தென்பகுதியின் முதன்மையான இறைச்சியாயிற்று.

இவ்விரண்டையும் இணைத்துச் சமையற்கலையாக வளர்த்தெடுத்ததில் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் பங்கு தலையாயது. பதினெட்டாம் நூற்றாண்டில் வேர்ஜினியாவில் பாபிக்கியூ விருந்து நிலவுடைமையாளரின் சமூக நிகழ்வாக விளங்கியது. 1769இல் அலெக்சாந்திரியாவில் நடைபெற்ற அத்தகைய விருந்தொன்றிற்குச் சென்றதை ஜோர்ஜ் வாஷிங்டன் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். விருந்தினர் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. குழி தோண்டி, மரத்தை எரித்துத் தணலாக்கி, விலங்கை முழுமையாகத் தணலின் மேற் பரப்பி, வினாகிரியும் மிளகாயும் கலந்த நீரை இரவு முழுவதும் தடவி நின்றோரின் பெயர்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

அவர்களுட் சிலரின் குரல் பிற்காலத்திற் பதிவாகியமை நற்பேறேயாகும். 1930களில், பொருளாதார மந்தத்தின்போது, அரசின் எழுத்தாளர் திட்டம் முன்னாள் அடிமைகளிடம் அவர்தம் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்தது. தென் கரோலைனாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்னும் முதியவர், விருந்துக்கு முந்தைய இரவு முழுவதும் கண்விழித்து இறைச்சியைச் சமைத்து அதற்குச் சாறு தடவி வந்ததை அத்தொகுப்பில் நினைவுகூர்கின்றார். இன்று 'குறைந்த வெப்பம், நீண்ட நேரம்' எனப் போற்றப்படும் கோட்பாடு, தனது இரவின்மீதே உரிமையில்லாத ஒருவனின் உறக்கத்தைப் பறித்துப் பெறப்பட்டதென்பதை இச்சான்று புலப்படுத்துகின்றது.

மறுபுறத்தில் அம்மக்களின் சொந்த உணவு யாது? பிரடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், மேரிலாந்துப் பண்ணையொன்றில் வயதுவந்த அடிமையொருவர் மாதமொன்றிற்கு எட்டு இறாத்தல் பன்றியிறைச்சியையோ அதற்கீடான மீனையோ பெற்றாரெனக் கூறுகின்றார். நாளொன்றிற்குக் கால் இறாத்தலைச் சற்றே தாண்டும் அளவு அது. நல்ல துண்டுகள் எசமானின் புகைவீட்டிற் பதனிடப்பட்டன. எலும்பும் கழிவுமாக எஞ்சியவற்றை உண்ணத்தக்கனவாக்கும் திறன் அடிமைக் குடிசைகளில் வளர்ந்தது. வன்மையான இறைச்சியைப் பொறுமையால் மென்மையாக்கும் கலை, வறுமையின் தேவையிலிருந்து பிறந்த கலையாகும்.

ஆலையும் புலப்பெயர்வும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்றி பண்ணையை விட்டு ஆலைக்குச் சென்றது. ஒகாயோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாற்றி நகர் 'பன்றிமாநகர்' எனப் பட்டப்பெயர் பெறுமளவிற்கு இறைச்சித் தொழிலில் வளர்ந்தது. பின்னர் சிக்காக்கோ அவ்விடத்தைப் பெற்றது. அங்கு 1865இல் திறக்கப்பட்ட மாபெரும் கால்நடைத் தொழுவங்கள் 1971வரை இயங்கின. அக்கால இறைச்சி உப்பிட்டுப் பீப்பாக்களில் அடைத்தே தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டது. எலும்பு மிகுந்த விலாப்பகுதி பீப்பாவில் இடத்தை அடைத்ததேயன்றி விலையைத் தரவில்லை. எனவே, அது ஆலையைச் சூழ்ந்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளருக்கு மிக மலிவாகக் கிடைத்தது. குளிரூட்டப்பட்ட புகையிரதப் பெட்டிகள் வழக்கிற்கு வந்த பின்னரே புதிய இறைச்சியாக அது தொலைவிடச் சந்தைகளை அடைந்தது.

1910 முதல் 1970 வரையான காலப்பகுதியில் ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் பெயர்ந்தனர். அவர்களுடன் குழியடுப்பின் அறிவும் பெயர்ந்தது. இப்பெருந்திரளுக்குச் சற்று முன்னரே சென்ற ஒருவர் ஹென்றி பெரி. ரென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகருக்கு அண்மையிற் பிறந்த இவர், 1908இல் கன்சாஸ் சிற்றியில் ஒரு சிறு கடையமைத்துப் புகையூட்டிய இறைச்சியை விற்கலானார். பின்னர் பழைய திராம் வண்டிக் கொட்டகையொன்றிற் பெருங்கடை நடத்தினார். இறைச்சி செய்தித்தாளிற் சுற்றி, 25 சதத்திற்கு விற்கப்பட்டது. அவர் கடைக்குக் கறுப்பரும் வெள்ளையரும் வந்தனர். 1940இல் அவர் மறைந்தபின், அவரிடம் தொழில் பழகிய பிறையன்ற் சகோதரர் அம்மரபைத் தொடர்ந்தனர்.

பெரியின் கடையிலும் ஒரு தாள் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆயின் அது சமைத்து முடித்தபின், வாங்குபவர் கையிற் கொடுப்பதற்கான தாள். இறைச்சியை விரைவாக வேகவைக்கும் தாள் வருவதற்கு வேறொரு தொழிற்றுறை வளரவேண்டியிருந்தது.

அலுமினியத் தாளின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலுமினியம் அரிய உலோகமாக மதிக்கப்பட்டது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியக் கூம்பொன்று பொருத்தப்பட்டமை அம்மதிப்பிற்குச் சான்று. 1886இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தின் துணைகொண்டு அதனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தனர். 1910இல் சுவிற்சலாந்தில் அலுமினியத் தாள் உருட்டும் ஆலை நிறுவப்பட்டது.

அமெரிக்க வீடுகளை இத்தாள் அடைந்த பாதை சிந்திக்கத்தக்கது. சிகரெற்றுப் பொதிகளுக்கான ஈய, வெள்ளீயத் தாள்களைச் செய்வதற்காக 1919இல் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலே றெனோல்ட்சு என்பவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். புகையிலை முதலாளியான ஆர். ஜே. றெனோல்ட்சின் பெறாமகன் இவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வானூர்திகளின் தேவைக்காக அரசு பெரும் அலுமினிய ஆலைகளைக் கட்டியது. போர் முடிந்ததும் அவ்வாலைகளுட் சிலவற்றை 1946இல் றெனோல்ட்சு நிறுவனம் குத்தகைக்குப் பெற்றது. வானூர்திகளுக்கான கேள்வி குறைந்துவிட்ட நிலையில் மிகுந்திருந்த உலோகத்திற்குப் புதிய சந்தை தேவைப்பட்டது. 1947இல் வீட்டுப் பாவனைக்கான அலுமினியத் தாள் கடைகளுக்கு வந்தது. போர்க்களத்திற்கென விரிவடைந்த உற்பத்தி இவ்வாறு சமையலறைக்குள் நுழைந்தது.

அதே காலத்தில் ஏனைய கருவிகளும் வளவை வந்தடைந்தன. கரிக்கட்டி செய்யும் முறைக்கு 1897இலேயே எல்ஸ்வேர்த் சுவோயர் காப்புரிமை பெற்றிருந்தார். 1920களில் ஹென்றி போர்ட்டின் நிறுவனம், மோட்டார் வண்டிகளுக்கு மரம் அறுத்ததில் எஞ்சிய துண்டுகளைக் கரிக்கட்டிகளாக்கித் தனது வண்டி முகவர்கள் மூலம் விற்றது. 1952இல் சிக்காக்கோ வட்டாரத்து உலோகத் தொழிலகமொன்றிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்ரீபன், மிதவைக்கென உருவாக்கப்பட்ட உலோகக் கோளத்தை இரண்டாக்கி, மூடியுடன் கூடிய வட்ட அடுப்பை அமைத்தார். மூடி இருந்தமையாற் காற்றையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்துதல் இயன்றது. குழி தோண்டாமலே புகையூட்டல் வீட்டாருக்குக் கைகூடியது.

இக்கருவிகளுக்கு ஒரு வளவு வேண்டும். அவ்வளவு எவருக்குக் கிடைத்தது? நியூயோர்க்கிற்கு அண்மையில் 1947இல் தொடங்கப்பட்ட லெவிற்றவுண் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஆனால், வெள்ளையரல்லாதார் அங்கு குடியிருத்தலை அதன் தொடக்ககால ஒப்பந்தங்கள் தடைசெய்தன. அத்தகைய இனத்தடை ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளுள் முதன்மையானது மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரில் எழுந்தது. விலாவிறைச்சியைக் குருத்தெலும்பு நீக்கிச் செவ்வகமாக நறுக்கும் 'சென் லூயிஸ் வெட்டு' அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றது. அவ்வாறு நறுக்கித் தள்ளப்பட்ட நுனித் துண்டுகளே சிக்காக்கோவின் தென்பகுதியிற் கறுப்பின மக்களின் கடைகளில் மலிவான, விருப்பத்திற்குரிய உணவாயின. வீட்டுரிமையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968வரை காத்திருந்தது. வளவு அடுப்பின் பொற்காலம் எனப்படும் இருபது ஆண்டுகளும் வேலியிடப்பட்ட பொற்காலமேயாகும்.

சமைத்தவரும் அமர்ந்தவரும்

இவ்வரலாற்றின் முரண்பாட்டை ஒரு வழக்கிலே தெளிவாகக் காணலாம். அலபாமா மாநிலத்தின் பேமிங்காம் நகரில் 'ஒலியின் பாபிக்கியூ' என்னும் உணவகம் 1927 முதல் இயங்கி வந்தது. 220 இருக்கைகள் கொண்ட அவ்வுணவகத்தின் 36 பணியாளருள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆயின் கறுப்பின வாடிக்கையாளர் எவரும் உள்ளே அமர்ந்து உண்ண அனுமதிக்கப்பட்டதில்லை; உணவை வாங்கி வெளியே எடுத்துச் செல்லவே அவர்களுக்கு இடமிருந்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தகைய விலக்கலைத் தடைசெய்தபோது, உரிமையாளர் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினர். உணவகம் வாங்கிய இறைச்சி, பிற மாநிலத்திலிருந்து வருவித்த உள்ளூர் வழங்குநரிடமிருந்து பெறப்பட்டது என்பது வழக்கில் முக்கியமாயிற்று. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின்கீழ் அச்சட்டம் செல்லுபடியாகும் என 1964 டிசம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1968இல், தென் கரோலைனாவிலுள்ள மற்றொரு பாபிக்கியூ உணவகத் தொகுதிக்கு எதிரான வழக்கிலும் பாகுபாடு காட்டியோர் தோல்வியுற்றனர்.

அடுப்பின் முன் நிற்க உரிமை. மேசையின் முன் அமர உரிமையில்லை. தோட்டக் குழியடுப்பின் காலத்து உறவு, அடிமைமுறை ஒழிந்து நூறாண்டு சென்ற பின்னரும் ஒரே கட்டடத்தின் சமையலறைக்கும் உணவறைக்கும் இடையிலான கதவாக நின்றது. அக்கதவைத் திறந்தது சமையலின் சிறப்பன்று. தெருவிலும் நீதிமன்றிலும் நிகழ்ந்த போராட்டமே.

மரபு எது?

இப்பின்னணியில் தொடக்கத்தில் எழுந்த விவாதத்தை மீண்டும் நோக்கலாம். தாளின்றிச் சமைப்பதே தூய மரபு என்னும் வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. தொழிற்சாலைக் கரிக்கட்டியைப் போட்டு, வெப்பமானி பதித்த உலோக அடுப்பில், குளிரூட்டியிலிருந்து எடுத்த ஒரு வரிசை விலாவைச் சமைப்பவர், முழுப் பன்றியைத் தணற்குழியின் மேற் பரப்பியோரின் முறையிலிருந்து ஏற்கனவே வெகுதூரம் வந்துவிட்டார். மேலும், சுற்றிச் சமைத்தல் புதியதுமன்று. மெக்சிக்கோவின் யுக்கற்றான் பகுதியில் மாயா மக்கள் மண்ணடுப்பிற் சமைக்கும் மரபு தொன்மையானது. பன்றியும் வாழையும் வந்துசேர்ந்த பின்னர், வாழையிலையிற் பொதிந்து சமைத்த பன்றியிறைச்சி அப்பகுதியின் சிறப்புணவாயிற்று. ஹவாய்த் தீவுகளிலும் இலைகளால் மூடி மண்ணடுப்பிற் பன்றியை வேகவைப்பர். இலை மணத்தைச் சேர்க்கும். நீராவியில் ஒரு பகுதியை வெளியேயும் விடும். அலுமினியத் தாள் எதையும் சேர்ப்பதில்லை, எதையும் விடுவதுமில்லை. அண்மைக் காலத்தில் ரெக்சாஸ் சமையலாளர் சிலர் கசாப்புக்கடைத் தாளை நாடுவதும், ஓரளவு காற்றை விடும் இலையின் அப்பண்பைத் தேடியேயாகும்.

அதுபோன்றே, தாளைச் சுற்றுவோர் சோம்பேறிகள் என்னும் ஏளனமும் பொருந்தாது. வாரம் முழுவதும் உழைக்கும் ஒருவர் தமது ஓய்வுநாளின் சில மணித்தியாலத்தை மீட்டுக்கொள்வதிற் குற்றம் எதுவுமில்லை. இரவு முழுவதும் கண்விழித்து நின்றவருக்கு அத்தெரிவு இருந்திருப்பின், அவரும் உறங்கவே விரும்பியிருப்பார். நேரத்தைத் தாமே விரும்பிச் செலவிடுதல் பொழுதுபோக்கு. பிறர் பொருட்டுச் செலவிடுமாறு கட்டாயப்படுத்தப்படுதல் அடிமைத்தனம். இவ்விரண்டும் ஒரே புகையைத் தருகின்றன. ஒரே சுவையைத் தருகின்றன. சுவையை மட்டும் நுகர்ந்து மரபென்று போற்றுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றனர்.

அண்மைக் காலத்தில் இக்குறை ஓரளவு நீங்கி வருகின்றது. ஏட்ரியன் மில்லர் 2021இல் வெளியிட்ட 'பிளாக் ஸ்மோக்' என்னும் நூல், பாபிக்கியூ வரலாற்றிற் கறுப்பினச் சமையலாளரின் இடத்தை மீட்டு நிறுத்தும் முயற்சியாகும். உணவு நூல்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் வெள்ளையரையே இக்கலையின் முகமாக முன்னிறுத்தி வந்தமையை அவர் விமர்சிக்கின்றார். பெயரற்றுப்போனோருக்குப் பெயரளித்தல் வரலாற்றாசிரியனின் முதற்கடன்களுள் ஒன்றென்பதற்கு இத்தகைய முயற்சிகள் எடுத்துக்காட்டாகும்.

தாளோடு சமைப்பதா, தாளின்றிச் சமைப்பதா என்பதனை அவரவர் நாவும் நேரமும் தீர்மானிக்கட்டும். மரபென்னும் சொல்லை அவ்விவாதத்திற் பயன்படுத்துவோர் மட்டும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இம்மரபின் உள்ளீடு மரத்தின் வகையோ, மசாலாவின் கலவையோ, தாளின் இன்மையோ அன்று. நல்ல துண்டு மறுக்கப்பட்ட மக்கள், தமக்கு விடப்பட்ட எலும்பை நல்ல துண்டாக்கிக் காட்டியமையே அதன் உள்ளீடாகும். அவ்வாறு அவர்கள் ஆக்கியபின், அதன் விலையும் புகழும் பெரும்பாலும் பிறர் கைக்குச் சென்றன.